தகரப் பேணியிலே சாளை மீன்



பாடசாலையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வீடு திரும்பியவர்கள், தேநீரோடு உண்பதற்கு ஏதேனும் உண்டா என்று அடுக்களையை எட்டிப் பார்க்கும் மாலை நேரம் ஒன்று எல்லா வீடுகளிலும் உண்டு. மதிய உணவு செரித்துவிட்டது; இராச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியை நாம் பெரும்பாலும் எண்ணெயிற் பொரித்த வடையாலும், ரோல்ஸாலும், சீனி மிகுந்த பிஸ்கட்டாலும் நிரப்பிக்கொள்கிறோம். அந்த நேரத்துக்கு ஏற்ற வேறொரு சிற்றுண்டியைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். தகரப் பேணியில் அடைத்த சாளை மீனே அது. கடைக்காரர் அதனைச் ‘சார்டின்’ என்பார்; வீட்டில் நாம் ‘ரின் மீன்’ என்ற பொதுப் பெயராலேயே வழங்குவோம். மரக்கறி உணவையே கொள்ளும் நேயர்கள் இந்தச் சில நிமிடங்களுக்கு என்னைப் பொறுத்தருள வேண்டும்.

வானொலியிற் பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் நகைக்கலாம். அந்த நகைப்புக்குக் காரணம் உண்டு. நம்மவரிடையே ரின் மீன் என்பது மதிப்புக் குறைந்த உணவு. வீட்டுக்கு விருந்தினர் வந்த வேளையிற் சந்தையில் மீன் கிடைக்காமற் போய்விட்டால், “இன்றைக்கு நல்ல மீன் அகப்படவில்லை, குறை நினையாதேயுங்கோ” என்று சொல்லிக்கொண்டேதான் அந்தக் கறியை இலையில் வைப்போம். விடுதி மாணவருக்கும், தனியே சமைத்துண்பவருக்கும், சம்பள நாளுக்கு முந்திய வாரத்துக்கும் உரியது அது என்பது நமது எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்பதையே நாம் இப்பொழுது ஆராயப்போகிறோம்.

எனக்கு ரின் மீன் என்றவுடன் நினைவுக்கு வருவது 1978ஆம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியது. மட்டக்களப்பிலே தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, உயிரிழந்தோர் பல நூற்றுவர். நான் அப்பொழுது பாடசாலைச் சிறுவன். எங்கள் வீட்டின் ஓடுகளும் போயின. ஆயினும் கல்லாற் கட்டிய ஓர் அறை மட்டும் நிலைத்து நின்றது. அந்த அறையில் மூன்று குடும்பத்தவர் பதினொரு பேர் ஒதுங்கியிருந்தோம். வள்ளங்கள் உடைந்து கரையிற் கிடந்தன. மீன் பாடும் வாவிக்கு அருகே வாழ்ந்த எங்களுக்கு அன்று ஒரு மீனும் இல்லை.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1977ஆம் ஆண்டுக்குப் பின் தளர்ந்து, ரின் மீன் கடைகளுக்கு மீண்டும் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. கொழும்பிலிருந்து என் சிற்றப்பா கொண்டுவந்த இரண்டு பேணிகள் தாயாரின் பெட்டியில் இருந்தன. தக்காளிக் குழம்பில் ஊறிய சாளை. பேணியைத் திறக்கக் கருவி இல்லை; தேங்காய் வெட்டும் கத்தியின் முனையாற் குத்தித்தான் திறந்தார்கள். காற்றுப் பிடுங்கிப் போட்டிருந்த மரவள்ளியின் கிழங்கை அவித்து, அதனோடு அந்த மீனைப் பங்கிட்டார்கள். நாங்கள் சிறுவர்கள் சதையைத் தின்று முள்ளை ஒதுக்கினோம். எல்லோருக்கும் கடைசியாகக் கோப்பையோடு அமர்ந்த என் தாயார், “மகன், முள்ளை எறியாதே, இங்கே தா” என்று வாங்கி, எஞ்சிய குழம்போடும் கிழங்கோடும் பிசைந்து உண்டார். அம்மாவுக்கு முள்ளுத்தானே மிஞ்சியது என்று அன்று நான் வருந்தினேன். அந்த வருத்தம் பாதிதான் நியாயமானது என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. அதற்குப் பின்னர் வருவோம்.

மீனைப் பேணியில் அடைக்கும் வித்தை எவ்வாறு வந்தது? பிரான்சு தேசத்திலே நிக்கலா அப்பேர் என்ற பெயருடைய இனிப்புப் பண்டக்காரர் ஒருவர் இருந்தார். உணவைக் கண்ணாடிப் போத்தலிலிட்டு, காற்றுப் புகாமல் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் அது மாதக்கணக்கிற் கெடாது என்பதைச் செய்து காட்டி, 1810ஆம் ஆண்டில் அம்முறையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்திலே பீற்றர் டியூரண்ட் என்பவர் தகரப் பாத்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1813ஆம் ஆண்டளவிற் பிரித்தானியப் படைகளுக்குத் தகரத்தில் அடைத்த உணவு சென்றது. 1820களிற் பிரான்சின் நான்ற் நகரத்தில் யோசெப் கோலான் என்பவர் சாளை மீனைத் தகரத்தில் அடைத்து விற்கத் தொடங்கினார்.

இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. தகரப் பேணி வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னரே, 1850களில், அதனைத் திறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அதுவரை உளியும் சுத்தியலுமே கருவிகள். எனவே, என் தாயார் கத்தியாற் குத்தித் திறந்தது பழைய மரபுக்கு மாறானதன்று. மற்றையது, உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்பேருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பன என்பதை லூயி பாஸ்ரர் 1860களில் விளக்கிய பின்னரே காரணம் புலனாயிற்று.

இன்றும் அடிப்படை முறை அதுவே. மீனின் தலையையும் குடலையும் நீக்கி, உப்பு நீரில் இட்டு, ஆவியில் அவித்து, பேணியில் அடுக்கி, எண்ணெயையோ தக்காளிக் குழம்பையோ உப்பு நீரையோ ஊற்றி, மூடியை இரட்டை மடிப்பாக மடித்து இறுக்குகிறார்கள். பின்னர் அழுத்தம் மிகுந்த பெரிய கலனில் வைத்து, கொதிநீரின் வெப்பத்தையும் கடந்து, ஏறக்குறைய 115 முதல் 121 பாகை வரை சூடேற்றுகிறார்கள். பேணியை நெடுங்காலம் காப்பது இந்த மூடிய நிலையிற் பெற்ற வெப்பமே. இதற்கென வேறு மருந்து சேர்க்க வேண்டியதில்லை. இந்த வெப்பமே இன்னொரு வேலையையும் செய்கிறது. மீனின் முள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும் அளவுக்கு மென்மையாக்கிவிடுகிறது.

இப்பொழுது அந்த முள்ளுக்கு வருவோம். எண்ணெயில் அடைத்து வடித்தெடுத்த சாளை மீனில், முள்ளோடு சேர்த்து 100 கிராம் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 380 மில்லிகிராம் உண்டு. ஒரு குவளை பாலில், அதாவது 200 மில்லிலீற்றரில், உள்ள கல்சியம் சுமார் 240 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 1000 மில்லிகிராம்; 50 வயதைக் கடந்த பெண்களுக்கு 1200 என்பர். அப்படியாயின், நம்மில் பலர் ஒதுக்கித் தள்ளும் அந்த மெல்லிய முள்ளிலேதான் பாலையும் விஞ்சிய சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முள் நீக்கிய மீனில் இதன் பெரும்பகுதி போய்விடும். அந்தக் கல்சியத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணை செய்யும் விற்றமின் டீயும் அதே மீனின் கொழுப்பில் உண்டு. குருதி உற்பத்திக்கும் நரம்புக்கும் வேண்டிய விற்றமின் பீ-12, ஒரு நாளுக்கு வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கு மேலாக உண்டு. இருதயத்துக்கு நல்லதென வைத்தியர்கள் கூறும் ஒமேகா-3 கொழுப்பு ஏறத்தாழ ஒரு கிராம் உண்டு.

இன்னொரு நன்மையும் குறிப்பிடத்தக்கது. பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்று பல்லாண்டு வாழ்வதால் அவற்றின் உடலிற் பாதரசம் சேர்கிறது. சாளையோ கடலின் நுண்ணுயிர்களை உண்டு குறுகிய காலமே வாழும் சிறு மீன். ஆகையால் அதிற் பாதரசம் மிகக் குறைவு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்ணத்தக்க மீன்களின் வரிசையில் இதற்கு இடமுண்டு.

இந்த எண்களை நான் முதன்முதலிற் படித்த அன்று, என் தாயாரின் கோப்பை என் கண் முன் வந்தது. ஊரார் கழித்ததைத் தாம் உண்டதாக அவரும் எண்ணினார், நாங்களும் எண்ணினோம். உண்மையில் நாங்கள் கழித்ததே அந்தப் பேணியின் சிறந்த பகுதி.

சரி, கடையில் எந்தப் பேணியை வாங்குவது? படத்தைப் பார்த்து வாங்குவோரே நம்மிற் பலர். படத்திலே மீன் துள்ளும். அதைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிய முடியாது. படத்தை விட்டுவிட்டு நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பேணியின் உடல். இரு முனைகளும் தட்டையாகவோ சற்று உட்குழிந்தோ இருக்க வேண்டும். வெளியே உப்பியிருந்தால் உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது என்பது பொருள். மடிப்பின் மேல் நசுங்கியதும், துருப்பிடித்ததும், கசிவதும் வேண்டாம். விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். அத்தகைய மீனைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. மீன் கெடும்பொழுது உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற பொருள் எவ்வளவு காய்ச்சினாலும் அழிவதில்லை. அது முகம் சிவத்தலையும் தடிப்பையும் தலைவலியையும் உண்டாக்கும்.

இரண்டாவது, மீனின் பெயர். நமது கடைகளில் உள்ள பெரிய பேணிகளிற் பெரும்பாலானவை சாளையல்ல. மக்கரல் என்று பெயரிட்டவை. அதுவும் நல்ல மீன்தான்; ஆனால் வேறு மீன். சார்டின் என்ற பெயரிலும் பல மீன்கள் உண்டு. நமது கடற்கரையிற் சாளை, சூடை, கீரி என்று பிரித்து அழைப்பவை யாவும் இந்தக் குடும்பத்தவையே. இந்தப் பெயர் பற்றி நாடுகளிடையே வழக்கே நடந்தது என்றால் வியப்பாக இருக்கும். அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் ஓர் இனத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று ஐரோப்பிய சமூகம் 1989ஆம் ஆண்டில் விதி செய்தது. தனது கடலிற் பிடிக்கும் இனத்துக்கும் அப்பெயரில் உரிமையுண்டு என்று பெரு நாடு உலக வர்த்தக நிறுவனத்திடம் முறையிட்டது. 2002ஆம் ஆண்டிற் பெரு நாட்டின் பக்கம் தீர்ப்பாயிற்று. நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ சேர்த்துச் சார்டின் என்று எழுதலாம் என்பது சர்வதேச நியமம். ஆகவே பெயரோடு சேர்ந்திருக்கும் மற்றச் சொல்லையும் வாசியுங்கள். மீன் எது, எங்கிருந்து வந்தது என்பதை அதுவே கூறும்.

மூன்றாவது, நிறை. பேணியிலே ‘தேறிய நிறை’ என்று ஒன்றும், நீர் வடித்த பின் உள்ள மீனின் நிறை என்று மற்றொன்றும் இருக்கும். நாம் விலை கொடுப்பது மீனுக்கா, உப்பு நீருக்கா என்பதை இரண்டாவது எண்ணே காட்டும். 425 கிராம் என்று பெரிதாக எழுதிய பேணியில் அவ்வளவும் மீன் அல்ல. இரண்டு பேணிகளை ஒப்பிடும்பொழுது, விலையை வடித்த நிறையால் வகுத்துப் பாருங்கள். மலிவென்று எண்ணியது சில வேளை மலிவாக இராது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். சின்னமும், காலாவதித் திகதியும் உண்டா என்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, மீன் ஊறியிருக்கும் பொருள். ஒலிவ் எண்ணெயில் ஊறியது சுவை மிக்கது, விலையும் மிக்கது. வேறு எண்ணெயானால் வடித்துவிடலாம். ஆனால் மீனின் நல்ல கொழுப்பிற் சிறிது அந்த எண்ணெயோடு போகும். தக்காளிக் குழம்பு நமது நாவுக்கு இசைந்தது. அதைச் சேர்த்தே உண்ணலாம். உப்பு நீரில் உள்ளதை வடித்துவிடுவதே நல்லது. எதுவாயினும் உப்பின் அளவைப் பாருங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 100 கிராம் மீனோடு ஒரு கிராமளவு உப்பு வந்துவிடுகிறது. ஆகவே மேலும் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

இனி, உண்ணும் முறை. கறியாக்குவது நம் யாவருக்கும் தெரியும். மாலைச் சிற்றுண்டிக்கு அடுப்பே தேவையில்லை. பேணியைத் திறந்து மீனைக் கோப்பையிற் கொட்டி, முள்ளோடு சேர்த்துக் கரண்டியால் மெல்ல மசியுங்கள். சின்ன வெங்காயத்தையும் ஒரு பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்து போட்டு, மிளகுத் தூள் தூவி, அரைத் தேசிக்காய் பிழியுங்கள். தேசிப்புளி மீனின் வெடுக்கை அடக்கும். வாட்டிய பாண் துண்டின் மேலோ, அவித்த மரவள்ளிக் கிழங்கோடோ, வெள்ளரிக்காய்த் துண்டோடோ உண்ணலாம். முள்ளை வெறுக்கும் குழந்தைக்கு இப்படி மசித்துக் கொடுத்தால் முள் இருப்பதே தெரியாது. சிறிய பேணி ஒன்று இருவருக்குப் போதும். இதே மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து தூளிற் புரட்டி எண்ணெயிற் பொரித்தால் கட்லட் ஆகும். சுவையானதுதான், ஆனால் எளிய சிற்றுண்டி அதனால் எண்ணெய்ப் பண்டமாகிவிடுகிறது. அதை விசேட நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

திறந்த பேணியிலேயே மிச்சத்தை வைக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடாயின், அன்றே முடியக்கூடிய சிறிய பேணியே ஏற்றது.

எல்லோருக்கும் இது ஏற்றதென்று நான் கூறமாட்டேன். ‘கவுட்’ எனப்படும் மூட்டுவாதம் உடையோர் சாளையைக் குறைக்க வேண்டும். அதிலுள்ள பியூரின் என்ற பொருள் அந்நோயைத் தூண்டும். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர் தமது வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். மற்றையோருக்கும் இது புதிய மீனுக்கு எதிரியன்று. கரையிலே துள்ளும் சாளையை மலிவாக வாங்கக்கூடிய நாளில் அதையே வாங்குங்கள். கடல் கொந்தளிக்கும் நாளுக்கும், கடலிலிருந்து தொலைவான மலைநாட்டு வீட்டுக்கும், சமைக்க நேரமில்லாத மாலைக்கும் உரியது பேணி. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரின் மீனின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. எளியவரின் உணவு என்று நாம் இகழ்ந்தது எளியவருக்கே கிடைக்காமற் போன காலம் அது. வாங்க முடிந்த நாளில், அதிலுள்ள எதையும் வீணாக்காமல் உண்பதே அறிவு.

நேயர்களே, முள்ளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். என் தாயார் எண்பது வயதைக் கடந்து நிமிர்ந்து நடந்தார். அதற்கு ரின் மீன் முள்ளுத்தான் காரணம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஒரு நாள் உண்ட முள் எவரையும் நிமிர்த்தாது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். முள்ளில் நல்லது இருந்தது என்பது தற்செயல். வீட்டிலே கடைசியாக அமர்ந்து, எஞ்சியதை உண்ணும் வழக்கம் தற்செயலன்று. அது நாம் ஏற்படுத்தியது. எலும்பு தேயும் நோய் நடுவயதைக் கடந்த பெண்களையே அதிகமாகப் பிடிக்கிறது. அந்த வயதில் உள்ளவரே பெரும்பாலும் நம் வீட்டில் மற்றவர் உண்ணும்வரை காத்திருப்பவர்.

ஆகவே, அடுத்த முறை ஒரு பேணியைத் திறக்கும்பொழுது, சதையும் முள்ளும் குழம்பும் சேர்த்து மசித்துச் சமமாகப் பங்கிடுங்கள். அம்மாவின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். அவரும் உங்களோடு அமர்ந்து உண்ணட்டும்.